படம் எடுக்கிற வீடு

ஈப்போவிலிருந்து கிளம்பும்போது எங்கள் நிவாரணக் குழுத் தலைவர் எனக்கு இரண்டு அறிவுரைகள் சொன்னார். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டும். படங்கள் உருக்கமாக இருக்க வேண்டும். கறுப்பு வெள்ளை பிலிமாகவே வாங்கிக் கையில் கொடுத்தார். கலரில் எடுத்தால் வெள்ளத்தில் வீடிழந்த பெண்கள் கட்டியிருக்கும் புடவை பளிச்சென்று தெரிந்து, பார்க்கிறவர்களுக்கு இரக்கம் குறைந்துவிடுமாம்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம் அது. சென்னைக்கு மேற்கே ஏரிகள் நிரம்பி வழிந்து ஆவடி, பட்டாபிராம் பக்கத்துத் தாழ்வான தெருக்கள் மூழ்கிவிட்டதாகச் செய்தி வந்ததும், எங்கள் ஊர்த் தமிழர்கள் கூடிப் பழைய துணி சேர்த்தோம். துணி மூட்டைகள் முன்னால் போய்விட்டன. அடுத்தது கூரைக்குத் தகரம். எந்தத் தெருவுக்குத் தகரம் என்பதைப் படங்களைப் பார்த்து முடிவு செய்வது என்று தீர்மானமாயிற்று. படம் எடுத்துவர என்னை அனுப்பினார்கள். நான் வாத்தியார், பள்ளிக்கு அப்போது விடுமுறை. என்னிடம் ஒரு ஜப்பான் கேமராவும் இருந்தது.

அந்தக் கேமராவைப் பற்றிய மனசாட்சி உறுத்தலும் குழுவில் எனக்கு மட்டும்தான் இருந்தது. பிறர் துன்பத்தைப் படம் பிடிக்கலாமா என்று எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு மாலை முழுக்கப் பேசியவன் நான். அதற்காகப் படித்த புத்தகங்களில் அடிக்கோடெல்லாம் போட்டிருக்கிறேன். என் பேச்சைச் சிலர் நின்றுகொண்டே கேட்டார்கள். நாற்காலி பற்றாக்குறை.

மீனம்பாக்கத்தில் என்னை அழைத்துப்போக வந்தவர் தேவசகாயம். ஆவடியில் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அங்கே ஒரு கிறிஸ்தவ சபையின் செயலாளர், நிவாரணப் பொருள்களுக்கெல்லாம் உள்ளூர்ப் பொறுப்பாளர். யாரைப் பார்த்தாலும் 'பிரதர்' என்பார். என் பெட்டியைப் பார்த்துக்கூட அப்படி ஏதோ சொன்ன மாதிரி இருந்தது.

பூந்தமல்லி தாண்டி பஸ் ஒரு மழைநீர்த் தேக்கத்தில் இறங்கி, இருமி, நின்றுவிட்டது. எங்கள் ஊரில் பஸ் நின்றால் பயணிகள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இங்கே யாரும் சொல்வதற்கு முன்பே ஆண்களெல்லாம் இறங்கி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போய்விட்டார்கள். நானும் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். பக்கத்தில் தோள் கொடுத்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஃபாரினா?"

"மலேசியா."

"அங்கெல்லாம் பஸ்ஸு தள்ள மாட்டீங்களா?"

"தள்ளுவதில்லை."

"அப்பால எப்டிப்பா பொழுது போவுது?"

பஸ் கிளம்பியது. ஈரக் கையோடு, நெரிசலில், ஒரு கூடைக் கத்தரிக்காய்க்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவில் நின்றபடி கேமராவில் பிலிம் மாட்டினேன். வழியிலேயே ஏதாவது உருக்கமாகத் தென்பட்டால் தவறிவிடக்கூடாதே.

மறுநாள் காலை தேவசகாயத்தின் மனைவி இட்லியும் வடகறியும் வைத்தார். 'பசியாறிட்டீங்களா?' என்று எங்கள் ஊர் வழக்கப்படி நான் அவரை விசாரிக்க, அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நாவல் படிக்கிற மாதிரிப் பேசுகிறேனாம். வடகறியை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. மீந்த வடையை உதிர்த்துக் குழம்பாக்குகிறார்கள். ஒரு பேரழிவிலிருந்து இவ்வளவு ருசியாக மீண்டுவந்த பண்டத்தை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. மூன்று தரம் கேட்டு வாங்கினேன்.

பட்டாபிராமில் ரயிலிறங்கி நெமிலிச்சேரிப் பக்கமாக நடந்தோம். ஏரிக்கரைக்குக் கீழே ஒரே ஒரு தெரு. முன்பு வயல் வேலை செய்த குடும்பங்கள், இப்போது ஆண்களும் பெண்களுமாக அம்பத்தூர்க் கம்பெனிகளுக்குப் போகிறார்கள். முருகன் படமும் மாதா படமும் அடுத்தடுத்த வாசல்களில் இருந்தன. தெரு முனையில் எங்களை எதிர்கொண்டவள் கன்னியம்மா. கம்பெனி கேன்டீன் ஒன்றில் சமைப்பவள். மெஷின் சத்தத்துக்கு மேலே சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல்.

"வா நைனா. மொதல்ல ஏரிக்கர, அப்பால ஸ்கூலு, கடசில செல்வமேரி ஊடு. எல்லாரும் அப்டித்தான் எடுப்பாங்க."

"எல்லாருமா?"

"ஒனக்கு முன்னால எவ்ளோ பேரு வந்துட்டுப் பூட்டாங்க. பேப்பர்காரன் வந்தான். ஒரு வெள்ளக்காரன் வந்தான். அவன் தரையோட தரையா குந்திகினு எடுத்தான். நீ நின்னுகினே எடுக்கிற. நல்லா வருமா?"

நான் குந்தினேன். முழங்கால் சத்தம் ஏரிக்கரை வரை கேட்டிருக்கும்.

கடைசியில் அந்த வீடு. இரண்டு பக்கத்து மண்சுவர் கரைந்து குவியலாகக் கிடந்தது. கூரை ஒரு பக்கமாகச் சரிந்து தரையைத் தொட்டது. நின்றிருந்த ஒற்றைக் கம்பத்தில் ஒரு மாதா படம். எதிர்வீட்டிலிருந்து ஒரு பெண் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து மண்குவியல் மேல் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என்னையறியாமல் மடமடவென்று எடுத்துத் தள்ளினேன். பிறகுதான் அடிக்கோடிட்ட புத்தகங்கள் நினைவுக்கு வந்தன.

"அம்மா, உங்களைப் படம் எடுக்கலாமா?"

"எடுத்துட்டுதானே கேக்கற?" என்றாள் செல்வமேரி. "இன்னும் எதுனா கீதா, முடிஞ்சிதா?"

"முடிந்தது."

கன்னத்திலிருந்து கை இறங்கியது. கூடவே அந்தத் துயரமும் முகத்தை விட்டு இறங்கியது. எழுந்து கன்னியம்மாவைப் பார்த்தாள். "அக்கா, இவரோட சரியா?"

"சரிடி. இவருதான் தகரம் குடுக்கற பார்ட்டி. நீ செவுரு வெச்சிக்கோ."

அப்போதுதான் தெருவைத் திரும்பிப் பார்த்தேன். மற்ற வீடுகள் எல்லாவற்றிலும் சுவர் எழும்பியிருந்தது. புதுக் கீற்று வேய்ந்திருந்தது. சில வாசல்களில் கோலம்கூட இருந்தது. அந்த ஒரு வீடு மட்டும் வெள்ளம் நேற்று வந்து போனதுபோல இருந்தது. ஏன் என்று கேட்டேன். கன்னியம்மா ரேஷன் கடை விவரம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"போன தபா வெள்ளத்துல வியுந்த செவுரெல்லாம் நாங்களே எட்த்துக் கட்டிட்டோம். அப்பால தகரம் குடுக்கறவங்க வண்டி போட்டுகினு வந்தாங்க. பாத்தாங்க. இங்க ஒண்ணும் சேதம் இல்லியேன்னு வண்டிய திருப்பிகினு பூட்டாங்க. கட்டாம குந்திகினு இருந்த தெருவுக்குத் தகரம். கட்னவனுக்கு நாமம். அதான் இந்த தபா ஒரு ஊட்ட மட்டும் அப்டியே வுட்டு வெச்சோம், படம் எடுக்கறவங்களுக்கு. சீட்டு குலுக்கனதுல இவ பேரு வந்துச்சி. எது வந்தாலும் தெருவுக்கே பங்கு."

"அதுவரைக்கும் இவர்கள்?"

"என் ஊட்லதான்."

செல்வமேரி குறுக்கிட்டாள். "அக்கா நல்லவங்கதான் சார். அவங்க ஊட்ல மூணு ஆம்பளப் பசங்க. எனக்கு வயசுக்கு வந்த பொண்ணுங்க ரெண்டு. எங்க ஊட்டுக்காரரு நைட்டு வாச்மேனு. துணி மாத்தணும்னாகூட பொண்ணுங்க தெருக்கோடி ஊட்டுக்குப் போவுதுங்க. எப்பதான் கடசி போட்டோக்காரன் வருவான்னு ஜெபம் பண்ணிகினு கீறேன்."

ஒருவரின் ஜெபத்துக்கு விடையாக நான் வந்து சேர்வது அதுவே முதல் தடவை. பெருமைப்பட முடியவில்லை. நான் படித்த புத்தகங்கள், படம் எடுப்பவன் ஏழையின் துன்பத்தைத் திருடுகிறான் என்று வாதிட்டன. இல்லை, உலகத்துக்குச் சொல்கிறான் என்று எதிர்வாதமும் செய்தன. இடிந்த வீட்டை இடிந்தபடியே வைத்துக் காப்பாற்றுகிற ஒரு தெருவைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி இல்லை.

அடுத்த நாள் பூந்தமல்லியில் ஒரு கிடங்கில் எங்கள் துணி மூட்டைகளைப் பிரித்தார்கள். குளிருக்கு ஸ்வெட்டர் அனுப்பியிருந்தோம். அந்த ஊரில் குளிர் என்பது விசிறியை நிறுத்துகிற அளவுக்குத்தான். ஒரு மூட்டை முழுக்க கழுத்து டை. பிரித்தவர் ஒன்றை உருவிப் பார்த்துப் பக்கத்திலிருந்தவரிடம், "இன்னாடா மாமே, வெள்ளத்துல ஊடு போனவன் இன்டர்வியூவுக்கா போவான்?" என்றார். நான் நாட்டின் பெயரைச் சொல்லாமல் நின்றேன்.

சாயங்காலம் தேவசகாயத்தோடு மறுபடி அந்தத் தெருவுக்குப் போனேன். படம் எடுக்க அல்ல, கேமராவைக்கூடக் கொண்டுபோகவில்லை. செல்வமேரி கலந்து தயாராக வைத்திருந்த மண்ணைக் கொண்டு தெருவே கூடிச் சுவர் வைத்திருந்தது. மார்பளவுக்கு வந்துவிட்டது. இன்னும் ஈரம். கூரை மூங்கில்களை, மத்தியானமே வந்து சேர்ந்திருந்த எங்கள் டைகளால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அதில் கோடு போட்ட பட்டு டை ஒன்று எங்கள் தலைவருடையது, போன ஆண்டுவிழாவில் பார்த்தது. அவர் கழுத்தில் இருந்தபோது அதற்கு இவ்வளவு பொறுப்பு இருந்ததில்லை.

"இங்க பாரு சார்," என்று செல்வமேரி என்னை உள்ளே கூப்பிட்டாள். சுவரில் ஒரு சின்ன மாடம் வைத்து, மாதாவுக்கு என்று விரலாலேயே வளைவு பிடித்திருந்தாள். அவளுடைய பெண்கள் இரண்டு பேரும் சுவருக்கு உட்பக்கம் உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எதற்கு என்று அம்மா கேட்டதற்கு, "சும்மா, தெருவுல கீறவங்களுக்கு நாம தெரியல இல்ல?" என்றாள் பெரியவள். தம்ளரில் டீ வந்தது. எங்கள் ஊர் 'தே தாரிக்' ஆற்றுகிறவன் ஒரு கஜம் நுரை இழுப்பான், ஆனால் அந்த டீயின் முன்னால் அவன் நிற்க முடியாது.

நான்காம் நாள் ஆவடியில் ஒரு ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்திருந்த பிலிமை வாங்கப் போனோம். கடைக்காரர் ஈரப் பிலிமைக் கிளிப்பில் தொங்கவிட்டு, டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. அதன் வழியாக அவர் முகம் நன்றாகத் தெரிந்தது.

"எந்த ஊர்ல எடுத்தீங்க சார்?"

"இங்கேதான். ஏன்?"

"ரோலு நவுரவே இல்ல. சக்கரத்துப் பல்லுல மாட்டாம மூடிட்டீங்க. எல்லாத்தையும் சும்மா கிளிக்குனு சத்தத்துக்கு எடுத்திருக்கீங்க." பிறகு ஆறுதலாக, "கல்யாணத்துக்கு எடுத்தவங்களே இப்படிக் கொண்டாந்திருக்காங்க. ஒருத்தர் மறுபடி தாலி கட்டச் சொல்லிட்டாரு," என்றார்.

குந்தியும் நின்றும் மண்டியிட்டும் நான் எடுத்த ஏரிக்கரை, பள்ளிக்கூடம், செல்வமேரி எதுவும் இல்லை. பஸ் மேல் பழி போட்டுப் பார்த்தேன். பஸ் பிலிம் மாட்டவில்லை.

அன்று சாப்பாட்டில் பரோட்டாவும் சால்னாவும். எங்கள் ஊர் ரொட்டி சானாயின் நெருங்கிய சொந்தம், கொஞ்சம் கோபக்காரச் சொந்தம். தேவசகாயம் மெதுவாக ஆரம்பித்தார்.

"பிரதர், இன்னொரு தடவ எடுத்தாகணும்."

"எதை எடுப்பது? அவள் சுவர் வைத்துவிட்டாள்."

"அதத்தான் யோசிக்கிறேன்."

அவர் யோசிப்பது எனக்குப் புரிந்ததும் பரோட்டா கையிலேயே நின்றுவிட்டது. அதை மட்டும் செய்யக்கூடாது என்றேன். குழுவுக்கு நான் எழுத்தால் சொல்கிறேன், பக்கம் பக்கமாக எழுதுகிறேன், கல்லும் கரையும் என்றேன்.

"எழுத்தப் படிச்சிட்டு ஒருத்தன் தகரம் குடுத்து நான் பாத்ததில்ல பிரதர்."

"அந்தப் பெண்ணிடம் போய்ச் சுவரை இடி என்று நான் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லக்கூடாது."

அவர் எனக்கு இன்னொரு பரோட்டா வைத்தார். "சரி, ஜெபிப்போம்," என்றார். சபைக்காரர்கள் ஒரு முடிவை ஏற்கனவே எடுத்துவிட்ட பிறகு சொல்லும் வார்த்தை அது என்பது வெளியூர்க்காரனான எனக்குத் தெரியாது. அவர் ஒத்துக்கொண்டதாக நினைத்து, ஒரு மனிதன் தன் மனசாட்சியோடு இருக்க வேண்டிய முறைப்படி இருந்துவிட்டோம் என்ற திருப்தியில் நன்றாகத் தூங்கினேன்.

காலையில் தேவசகாயம் வீட்டில் இல்லை. "விடியக்காலமே சைக்கிள எடுத்துட்டு நெமிலிச்சேரிக்குப் போயிட்டாரு. ஒங்க கேமராவ எடுத்துட்டு வரச் சொன்னாரு," என்றார் அவர் மனைவி.

கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு பசியாறாமல் ஓடினேன். ஆவடி ஸ்டேஷனில் ரயில் நெடுநேரம் வரவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு பேர், வண்டி லேட் என்பதற்கு நன்றி சொல்கிற மாதிரி நிதானமாகச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். பட்டாபிராமிலிருந்து நடக்கும்போது என் பேச்சைத் தயார் செய்துகொண்டேன். அம்மா, உங்கள் சுவர் இருக்கட்டும். தகரத்துக்கு நான் பொறுப்பு. தலைவரோடு சண்டை போடுகிறேன். நல்ல பேச்சு. அழுத்தம் கொடுக்க வேண்டிய இடங்கள்கூட எனக்குத் தெரிந்திருந்தன.

தெருமுனையிலேயே தெரிந்துவிட்டது. கூட்டமாக நின்றார்கள். தேவசகாயம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். கன்னியம்மாவின் காலடியில் ஒரு கடப்பாரை கிடந்தது.

சுவர் இல்லை. ஈர மண் கட்டிகட்டியாகக் கிடந்தது. அதில் ஒரு கட்டியில் மாடத்தின் வளைவு அப்படியே இருந்தது, விரல் பதிந்த தடத்தோடு. கூரையை ஒரு பக்கம் அவிழ்த்துச் சரித்திருந்தார்கள். மாதா படம் பழையபடி கம்பத்துக்கு வந்துவிட்டது. இரண்டு பெண்களும் கன்னியம்மா வீட்டு வாசலில், மடித்த துணிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். குவியலின் மேல் செல்வமேரி உட்கார்ந்திருந்தாள்.

தயார் செய்துகொண்டு வந்த பேச்சுக்குப் பதிலாக ஒரு வாக்கியம்தான் வாயில் வந்தது. "வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன்."

கன்னியம்மா, "அத நேத்தே வந்து சொல்லணும் நைனா," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் போய்விட்டது என்று தகவல் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"யார் இடித்தது?"

"நான்தான்," என்றாள் செல்வமேரி. "அக்கா கடப்பார எட்துகினு வந்தாங்க. வேற ஒருத்தர் கை வெச்சா எனக்குத் தாங்காது, குடுங்கன்னு நானே வாங்கிகினேன். கஷ்டமாலாம் இல்ல சார். ஈரம் காயல. லேசா வந்துடுச்சி."

கேமராவைத் தூக்க முடியவில்லை. வெள்ளம் இந்தத் தெருவில் வீடுகளைக் கரைத்தது, அதற்குக் கண் இல்லை. இந்தச் சுவரைக் கரைத்தது என் தோளில் தொங்குகிற கண். எடுத்தால் அது நடந்ததற்கு நான் கையெழுத்துப் போட்டவன். எடுக்காமல் திரும்பினால் அவள் சுவரை ஒன்றுமில்லாததற்கு இடித்தவள். நான் நேற்று சாப்பாட்டு வேளையில் காப்பாற்றிய மனசாட்சிக்கு இப்போது நிற்க இடமில்லை.

"இன்னா சார் நிக்கற? எடு," என்றாள் செல்வமேரி. "இந்த தபா சுத்துதான்னு பாத்துக்கோ."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நான் சுருளைப் பல்லில் மாட்டி, மூடி, குமிழ் சுற்றுகிறதா என்று பார்த்தேன். சுற்றியது. அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். ஆனால் இந்தத் தடவை அவள் கண் கேமராவின் பக்கமே இல்லை. எதிர்வாசலில் துணியோடு நின்ற பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று எடுத்தேன். இன்னொன்று எடுக்கச் சொன்னார் தேவசகாயம். எடுத்தேன்.

அந்தப் படம் பிற்பாடு ஈப்போவில் மண்டபச் சுவரளவுக்குப் பெரிதாக்கப்பட்டது. பெண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். "பாருங்கள், கேமரா இருப்பதே தெரியாமல் எவ்வளவு இயல்பாக உட்கார்ந்திருக்கிறாள்," என்றார் தலைவர். தகரம் அந்தத் தெருவுக்கே போனது, எல்லா வீட்டுக்கும். என் அனுபவத்தைச் சொல்லும்படி மேடைக்கு அழைத்தார்கள். நான் பஸ் தள்ளிய கதையைச் சொல்லிவிட்டு இறங்கினேன். நல்ல கைதட்டல்.

அன்று அந்தத் தெருவில் கைதட்டல் எதுவும் இல்லை. படம் முடிந்தது என்று நான் சொல்லி வாய் மூடுவதற்குள் செல்வமேரி எழுந்து புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். பெண்கள் துணிகளை வைத்துவிட்டுக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து உடைந்த கட்டிகள் மேல் ஊற்றினார்கள். மூன்று பேரும் மிதிக்க ஆரம்பித்தார்கள். மாடத்தின் வளைவு இருந்த கட்டி முதல் மிதியிலேயே கரைந்து போயிற்று. கன்னியம்மா கடப்பாரையைத் தூரப் போட்டுவிட்டுத் தானும் இறங்கினாள்.

நான் கேமராவை உறையில் போட்டு, கொக்கியைச் செருகிக்கொண்டு, அந்தப் பெண்ணிடம் மன்னிப்பு என்ற வகையில் ஏதாவது சொல்லியே தீர வேண்டும் என்று ஒரு வாக்கியத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன். எழுவாய் வந்துவிட்டது, பயனிலை அகப்படவில்லை. ஒருவழியாக, "அம்மா, நான் உங்களிடம்..." என்று ஆரம்பித்தேன்.

அவள் இரண்டு கையிலும் மண்ணோடு நிமிர்ந்தாள்.

"கொஞ்சம் நவுரு சார். செவுரு வர்ற எடத்துல நின்னுகினு கீற."